உள்ளங்கை வியர்வையும் சூளைக் கூம்பும்

எரிகிற சூளைக்குள் பாண்டத்துக்கு என்ன ஆகிறது என்று யாரும் எட்டிப் பார்த்துவிட முடியாது. பார்வைத் துளை வழியாகத் தெரிவது செக்கச்சிவந்த வெளிச்சம் மட்டும்தான். ஆகவே விருத்தாசலம் போன்ற பீங்கான் ஊர்களின் தொழில்நுட்பம் இரண்டு சாட்சிகளை நம்பி வளர்ந்தது. ஒன்று, சுவரில் செருகிய தெர்மோகப்பிள். இந்த நொடியில் இந்த இடத்தில் எத்தனை டிகிரி என்று அது சொல்லும். மற்றொன்று சேகர் கூம்பு. ஜெர்மன் வேதியியலாளர் ஹெர்மன் சேகர் 1886இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த இந்தச் சிறு கூம்பு, பீங்கான் கலவையிலேயே செய்யப்பட்டுப் பாண்டங்களோடு சேர்ந்து வேகும். போதுமான அளவு வெந்ததும் தலை சாயும். கூம்பு டிகிரியைச் சொல்வதில்லை. மெல்லச் சூடேற்றினால் சற்றுக் குறைந்த வெப்பத்திலேயே சாய்ந்துவிடும். அவசரமாக ஏற்றினால் கூடுதல் வெப்பம் கேட்கும். சூளைக் காற்றின் சூடு தெர்மோகப்பிளுக்குத் தெரியும். மண் எவ்வளவு வெந்தது என்பது கூம்புக்குத்தான் தெரியும்.

கணினி ஆய்வில் கடந்த முப்பது ஆண்டுகளாக வளர்ந்துவரும் உணர்வுக் கணிமையின் ஒரு கிளை இதே சிக்கலில் நிற்கிறது. ஆடுபவரின் மனநிலையை உடலிலிருந்து அறிந்து, அதற்கேற்பத் தன் கடினத்தையும் வேகத்தையும் ஒலியையும் மாற்றிக்கொள்ளும் விளையாட்டுகளைச் செய்வது அந்தக் கிளையின் நோக்கம். விரலில் மாட்டும் சென்சார், மணிக்கட்டுப் பட்டை, கேமரா, ஒலிவாங்கி என்று அதனிடம் தெர்மோகப்பிள்கள் ஏராளம். கூம்பு இன்னும் கிடைக்கவில்லை. கூம்பு இல்லாமலும் ஒரு சூளையை ஓரளவு நன்றாக ஓட்டலாம். ஆனால் கையில் கூம்பு இருப்பதாகச் சொல்லிக்கொண்டு ஓட்டக் கூடாது. இந்தக் கட்டுரையின் வாதம் அவ்வளவுதான்.

விருத்தாசலத்தை இந்தப் பேச்சுக்குள் இழுப்பதற்கு உவமை மட்டும் காரணமில்லை. கடலூர் மாவட்டத்தின் இந்த ஊரில் செராமிக் தொழிற்பேட்டை இருக்கிறது. பீங்கான் தொழில்நுட்பத்தில் பட்டயப் படிப்பு தரும் அரசு நிறுவனமும் இருக்கிறது. பக்கத்திலேயே நெய்வேலிச் சுரங்கத்தின் வெண்களிமண் கிடைத்தது தொழில் இங்கே வேர்விட ஒரு காரணம். கொலுப் பொம்மைகளுக்குப் பெயர்போன ஊர் என்றாலும், இதன் இன்னொரு பெருஞ்சரக்கு மின்சாரம் சார்ந்தது: கம்பத்து இன்சுலேட்டர்கள், வீட்டு மெயின் போர்டில் பிடுங்கிச் செருகும் வெள்ளை ஃபியூஸ் கட்டைகள். எம்.சி.பி. சுவிட்சு வந்ததும் ஃபியூஸ் கட்டையின் காலம் சரிந்தது. மின்சாரத்தைத் தடுத்து நிறுத்தும் வேலையில் பீங்கானுக்குத் தேவை குறைந்த அதே ஆண்டுகளில், மின்சாரத்தைச் சேமிக்கவும் தாளம் தட்டவும் வேறு வகைப் பீங்கான் உலகமெங்கும் தேவைப்பட்டது. பொறியியல் மாணவர்கள் ப்ராஜெக்டுக்கு வாங்கும் ஆர்டுயினோ ஊனோ பலகையில் முதன்மைச் சில்லுக்கு நொடிக்கு 1.6 கோடித் துடிப்பைத் தருவது ஒரு செராமிக் ரெசனேட்டர். பலகையில் பொட்டுப்பொட்டாக ஒட்டியிருக்கும் மின்தேக்கிகளும் பெரும்பாலும் பேரியம் டைட்டனேட் பீங்கான். எம்பெடட் சிஸ்டம் என்னும் உட்பொதி அமைப்பு பாதி செராமிக்தான். அந்தப் பாதி நம் ஊர்ச் சூளைகளில் வேகவில்லை என்பது தனிக்கதை.

ஆய்வு என்பது பெருநகர வளாகங்களுக்கு மட்டும் உரியது என்று நினைப்பவர்கள் இந்த ஊரின் இன்னொரு முகத்தையும் பார்க்கலாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இங்கே இருக்கிறது. அங்கிருந்து வெளிவந்த முந்திரி, நிலக்கடலை ரகங்கள் ‘வி.ஆர்.ஐ.’ என்ற ஊர்ப்பெயரின் முதலெழுத்துகளோடுதான் உழவர் கைக்குப் போகின்றன. இந்த மண்ணில், இந்த வெயிலில் சோதித்துப் பார்த்த விதை என்பதற்கு அந்த மூன்றெழுத்தே சான்று. உணர்வுக் கணிமைக்கு அப்படி ஒரு மூன்றெழுத்து இன்னும் தமிழ்நாட்டில் எந்த ஊரின் பெயரிலும் இல்லை. அது ஏன் வேண்டும் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

துறையின் பிறப்புச் சான்றிதழாக எல்லாரும் காட்டுவது எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தின் ரோசலிண்ட் பிகார்ட் 1997இல் எழுதிய ‘அஃபெக்டிவ் கம்ப்யூட்டிங்’ நூலை. விளையாட்டுக் கடைக்காரர்கள் நூலுக்காகக் காத்திருக்கவில்லை. அதே 1997இல் ஜப்பானின் கொனாமி நிறுவனம், ஆடுபவரின் நாடியையும் விரல் வியர்வையையும் அளந்து காதல் கதையை நகர்த்தும் ஓர் ஆர்கேட் விளையாட்டை இறக்கியது. அடுத்த ஆண்டு நின்டென்டோ 64 கருவிக்கு வந்த டெட்ரிஸ் ஒன்றில், காது மடலில் மாட்டும் நாடி உணரி கொடுத்தார்கள். இதயத் துடிப்புக்கேற்ப கட்டைகள் விழும் வேகம் மாறும். இரண்டும் வேடிக்கையாக வந்து வேடிக்கையாகவே போயின. அமெரிக்காவில் நாசாவின் லாங்லி மையத்தில் ஆலன் போப் குழுவினர் வேறு வழியில் இதே இடத்துக்கு வந்தார்கள். விமானி அறையில் கவனம் தளர்வதை மூளை அலைகளிலிருந்து அறியும் வேலைதான் அவர்களுடைய தொடக்கம். பிறகு கவனக்குறைவுச் சிக்கல் உள்ள சிறுவர்களுக்கான வீடியோ கேமுக்கு அதையே திருப்பினார்கள். மூளை அலை விரும்பிய திசையில் இருந்தால் கைப்பிடி நன்றாகக் கேட்கும், இல்லாவிட்டால் மந்தமாகும்.

2005இல் கீல் கில்லீட், ஆலன் டிக்ஸ், ஜென் அலன்சன் ஆகிய மூவர் எழுதிய கட்டுரை இந்தச் சிதறலுக்கு ஓர் ஒழுங்கு கொடுத்தது. ஆடுபவர் திணறினால் உதவ வேண்டும், சலித்தால் சவால் விட வேண்டும், கதை கேட்கிற உணர்ச்சியை அவருக்குள் எழுப்ப வேண்டும் என்று விளையாட்டின் கடமைகளை மூன்றாகப் பிரித்தார்கள். முதல் இரண்டும் ஏறக்குறையப் பொறியியல். மூன்றாவது கலை. இன்றுவரை ஆய்வுகளில் பெரும்பகுதி முதல் இரண்டிலேயே உழன்றுகொண்டிருப்பதில் வியப்பில்லை.

அந்த முதல் இரண்டில் கவனமாகச் செய்யப்பட்ட வேலை ஒன்றைச் சொல்ல வேண்டும். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் நீலாஞ்சன் சர்க்காரின் குழு, பழைய பாங் பந்தாட்டத்தை எடுத்துக்கொண்டு இரண்டு வகைத் தகவமைப்பை ஒப்பிட்டது. ஒன்றில் ஆடுபவரின் மதிப்பெண்ணைப் பார்த்துக் கடினம் மாறும். மற்றதில் உடல் குறிகளிலிருந்து கணித்த பதற்ற அளவைப் பார்த்து மாறும். 2009இல் வெளியான முடிவு: பெரும்பாலானோருக்குப் பதற்றத்தைப் பார்த்த விளையாட்டே அதிக நிறைவு தந்தது. மதிப்பெண் நன்றாக வாங்கிக்கொண்டே உள்ளுக்குள் வெறுத்துப்போகும் ஆட்டக்காரர் உண்டு. தோற்றுக்கொண்டே குதூகலிப்பவரும் உண்டு. தாயம் ஆடுகிற திண்ணைகளில் எல்லாருக்கும் தெரிந்த உண்மைதான். ஆனால் அதை ஒப்பீட்டுச் சோதனையாக அமைத்துக் காட்டியது பெரிய காரியம். பின்னர் அந்த ஆய்வகம் ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கான பயிற்சிக் கருவிகளில் நெடுங்காலம் உழைத்தது தற்செயல் அல்ல. தன் பதற்றத்தைச் சொல்லால் சொல்ல முடியாத பிள்ளைக்குத்தான் இந்த வகைக் கருவியின் தேவை உண்மையானது.

வணிக உலகில் மிகவும் பாராட்டப்பட்ட ‘உணர்வறியும்’ விளையாட்டோ ஒரு சென்சாரும் இல்லாமல் வந்தது. வால்வ் நிறுவனத்தின் ‘லெஃப்ட் ஃபோர் டெட்’ 2008இல் வெளியானது. அதில் இயக்குநர் என்று பெயரிட்ட ஒரு நிரல், ஒவ்வொரு ஆட்டக்காரரின் ‘உணர்ச்சித் தீவிரம்’ இவ்வளவு என்று ஓர் எண்ணை வைத்துக்கொள்ளும். அடிபட்டால் எண் ஏறும். பக்கத்தில் எதிரி விழுந்தால் ஏறும். ஒன்றும் நடக்காவிட்டால் தானே இறங்கும். உச்சத்தைத் தொட்டதும் எதிரிகளை அனுப்புவதை நிறுத்தி, 30 முதல் 45 நொடி வரை மூச்சுவிட இடம் கொடுக்கும். அவ்வளவுதான். ஆடுபவரின் நெஞ்சு உண்மையில் படபடத்ததா என்று அதற்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. இந்த எளிமையில் ஒரு நேர்மை இருப்பதாக எனக்குப் படுகிறது. பின்னாளில் அதே நிறுவனத்தின் உளவியலாளர் மைக் ஆம்பிண்டர் தோல் மின்கடத்துதிறனை அளந்து இந்த எண்ணுக்குப் பதிலாக வைத்துப் பார்த்தார். பதறினால் கடிகாரம் விரைந்து ஓடும் ஒரு சோதனை ஆட்டத்தையும் செய்து, 2011இல் விளையாட்டுத் துறை மாநாட்டில் விவரித்தார். கடைக்கு வந்தது என்னவோ சென்சார் இல்லாத முறைதான்.

இனி சென்சாரின் உள்ளே போவோம். இங்கேதான் விருத்தாசலத்து வெயில் குறுக்கே வருகிறது.

இந்த ஆய்வுகளில் மிக மலிவான, மிக அதிகம் பயன்படும் அளவை தோலின் மின்கடத்துதிறன். இரண்டு விரல்களில் மின்முனை மாட்டி, அரை வோல்ட் அளவுக்கு மிகச் சிறிய மின்னழுத்தம் கொடுத்தால், வியர்வைச் சுரப்பி நிறைந்திருக்கும் அளவுக்கேற்ப மின்னோட்டம் கூடும். அலகு மைக்ரோசீமன்ஸ். உள்ளங்கைச் சுரப்பிகளைப் பரிவு நரம்பு மண்டலம் ஆள்கிறது. அதனால் திடுக்கிட்டால், பயந்தால், ஆவல் மிகுந்தால் ஒன்று முதல் மூன்று நொடிக்குள் கோடு மேலெழும். எந்த உணர்ச்சியால் எழுந்தது என்று கோட்டுக்குத் தெரியாது. பேய் வந்தாலும் எழும், பரிசு விழுந்தாலும் எழும். நாடியை ஒளியால் அளப்பது அடுத்த முறை: தோலுக்குள் பச்சை அல்லது அகச்சிவப்பு ஒளி பாய்ச்சி, குருதி பெருகித் தணிவதால் திரும்பும் ஒளி ஏறி இறங்குவதை எண்ணுவது. கையை அசைத்தால் அலை குலைந்துவிடும். விளையாட்டு என்பதே கையை அசைப்பதுதான் என்பது இந்தத் துறையின் நிரந்தரத் தலைவலி. பச்சை ஒளியைத் தோலின் கருநிறமி உறிஞ்சிக்கொள்வதால் நம் தோலில் குறி மங்கலாகக் கிடைப்பது இன்னொன்று.

உளவியல் ஆய்வகங்கள் தோல் அளவையை 23 டிகிரியை ஒட்டிய அறையில் எடுக்கச் சொல்கின்றன. விருத்தாசலத்தில் மே மாதம் வெளியே 40ஐத் தொடும். ஃபேன் மட்டும் சுழலும் அறையில் உள்ளங்கை எந்த உணர்ச்சியும் இல்லாமலேயே நசநசக்கும். உடலைக் குளிர்விக்கும் வியர்வையும் உள்ளம் கிளறிய வியர்வையும் ஒரே சுரப்பியிலிருந்து ஒரே மின்முனைக்கு வருகின்றன. அடிமட்டம் ஏற்கெனவே உயர்ந்து நிற்பதால் மேலே எழும் சிறு அலைகள் அதில் மூழ்கிப்போகலாம். கரண்ட் போய் ஃபேன் நின்ற கணத்தில் ஏறும் கோட்டை விளையாட்டு ‘அச்சம்’ என்று படித்து எதிரிகளைக் குறைத்தால், ஆடுபவருக்கு ஏன் என்றே விளங்காது. இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை: அறை வெப்பம், ஈரப்பதம், கை அசைவு ஆகியவற்றையும் அதே பலகையில் அளந்து கணக்கில் கழிக்கலாம், ஒவ்வொருவரையும் அவருடைய சொந்த அமைதி நிலையோடு மட்டும் ஒப்பிடலாம். ஆனால் அதைச் செய்யக் குளிரூட்டாத அறைகளில் எடுத்த தரவு வேண்டும். ‘வி.ஆர்.ஐ.’ என்ற மூன்றெழுத்தின் பொருள் இங்கேதான் வருகிறது.

உடற்குறிக்கும் உணர்வுக்கும் உள்ள இந்த இடைவெளி புதிய கண்டுபிடிப்பு அல்ல. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், விளையாட்டும் ஆடலும் நிகழும் களத்திலிருந்தே உணர்வுகளின் கணக்கைத் தொடங்குகிறது. எட்டையும் நான்கையும் பெருக்கிய முப்பத்திரண்டு என்ற அந்தத் தொகையை உரையாசிரியர்கள் விளக்கும்போது, ஒவ்வொரு சுவைக்கும் நான்கு கூறு சொல்கிறார்கள்: சுவைக்கப்படும் பொருள், அதை உணரும் உணர்வு, அதனால் மனத்தில் பட்ட குறிப்பு, உடலில் புலப்படும் விறல். புலியைக் கண்டவனை எடுத்துக்கொண்டால் புலி ஒன்று, அச்சம் ஒன்று, அதை ஒட்டி எழும் உள்ள நிகழ்ச்சி ஒன்று, வியர்ப்பும் நடுக்கமும் ஒன்று. நம் மின்முனை தொடுவது நான்காவதை மட்டும். விளையாட்டு நிரலுக்கு முதலாவதும் தெரியும், ஏனென்றால் புலியை அனுப்பியதே அதுதான். நடுவில் உள்ள இரண்டும் அதற்கு எட்டாது. இன்றைய உணர்வாய்வும் தூண்டல், அனுபவம், வெளிப்பாடு, உடலியக்கம் என்று கிட்டத்தட்ட இதே வகையில்தான் பிரிக்கிறது. பழம்பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. நான்கையும் தனித்தனியே எண்ணத் தெரிந்த மரபில் வந்தவர்கள், நான்காவதை அளந்துவிட்டு இரண்டாவதை அளந்ததாக ஆய்வேட்டில் எழுதுவது உறுத்துகிறது.

முகத்தைப் பார்த்து உணர்ச்சி சொல்லும் முறையும் இதே உறுத்தலுக்கு உள்ளாகிவிட்டது. லிசா ஃபெல்ட்மன் பாரெட்டும் நான்கு அறிஞர்களும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆய்வுகளை அலசி 2019இல் வெளியிட்ட மதிப்பாய்வு, முகச் சுளிப்பிலிருந்து கோபத்தை நம்பகமாகப் படிக்க முடியாது என்று முடித்தது. 2022இல் மைக்ரோசாஃப்ட் தன் முகப் பகுப்பாய்வுச் சேவையிலிருந்து உணர்ச்சி ஊகிக்கும் வசதியை விலக்கிக்கொண்டது.

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளிலிருந்து உணர்வறிதல் பற்றிக் கட்டுரைகள் வராத மாதம் இல்லை. பல கட்டுரைகளின் சுருக்கத்தில் 97 விழுக்காடு, 98 விழுக்காடு துல்லியம் என்று இருக்கும். அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது நல்லது. பெரும்பாலும் புதிதாக யாரையும் அளந்திருக்க மாட்டார்கள். இணையத்தில் கிடைக்கும் வெளிநாட்டுத் தரவுத் தொகுப்பை எடுத்திருப்பார்கள். மனவழுத்தத்துக்கு மிகவும் புழங்கும் வெசாட் தொகுப்பு 2018இல் ஜெர்மனியிலிருந்து வந்தது. அதில் இருப்பவர்கள் 15 பேர், அவர்களில் பெண்கள் மூவர். டீப் என்ற இன்னொரு தொகுப்பில் 32 பேர், 40 இசைக் காணொளிகள். இந்தச் சிறு கூட்டத்தின் பதிவுகளை நொடிக்கணக்கில் துண்டாக்கி, துண்டுகளைக் குலுக்கி, ஒரு பகுதியில் பயிற்சி கொடுத்து மறு பகுதியில் தேர்வு வைத்தால், தேர்வில் வரும் மனிதரைக் கணினி ஏற்கெனவே பார்த்திருக்கிறது. அது உணர்ச்சியைக் கற்கிறதா, ஆளைக் கற்கிறதா என்று பிரித்தறிய வழியில்லை. வெசாட்டை உருவாக்கியவர்களே ஒவ்வொரு முறையும் ஓர் ஆளை முழுதாக ஒதுக்கிவைத்துச் சோதித்தபோது, அழுத்தம் உண்டா இல்லையா என்ற இருவகைக் கேள்விக்கு 93 விழுக்காடும், மூவகைப் பிரிப்புக்கு 80 விழுக்காடும்தான் கிடைத்தன. அதற்குப் பிறகு வருகிற 98ஐப் பார்த்தால் கைதட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி: ஆளை ஒதுக்கினீர்களா?

தமிழில் எழுத்தும் குரலும் சார்ந்த உணர்வுத் தரவு மெல்லச் சேர்ந்துவருகிறது. ஈழத்தமிழரின் பங்கு இதில் பெரிது. 2022இல் வந்த தமிழ்எமோ தொகுப்பு 42,000க்கு மேற்பட்ட யூடியூப் கருத்துகளை 31 உணர்வு வகைகளில் மனிதர்களைக் கொண்டே பகுத்தது. தொல்காப்பிய உரையாசிரியர் கணக்குக்கு ஒன்றே குறை என்று நண்பர்களிடம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. இரண்டு கணக்குக்கும் தொடர்பு ஏதும் இல்லை. மொறட்டுவப் பல்கலைக்கழகத்தவர் 2025இல் வெளியிட்ட எமோடா தொகுப்பில், இலங்கைத் தமிழர் 22 பேர் பேசிய 936 பதிவுகள் ஐந்து நிலைகளில் இருக்கின்றன: கோபம், மகிழ்ச்சி, துயரம், அச்சம், நடுநிலை. கடலூர்ப் பேச்சின் ஏற்ற இறக்கம் அதில் இருக்காது என்றாலும், வழி திறந்திருக்கிறது.

தரவு ஒரு பக்கம் இருக்க, பொறியியல் மாணவர்கள் அதிகம் கவனிக்காத சிக்கல் கட்டுப்பாட்டில் இருக்கிறது. சூளையை மின்னணுக் கட்டுப்படுத்தியால் ஓட்டுபவருக்கு இது பழக்கம். சூடு குறைந்ததும் எரிபொருளை முழுதாகத் திறந்து, கூடியதும் முழுதாக மூடினால், சூளையின் வெப்பம் மேலும் கீழும் ஊசலாடும். ஏனென்றால் திறந்ததன் விளைவு தெரியச் சற்று நேரம் பிடிக்கிறது. 573 டிகிரியை ஒட்டிக் குவார்ட்சின் படிக அமைப்பு மாறிப் பருமன் கூடும். அங்கே அவசரப்பட்டால் பாண்டம் விரிசல் விடும். அதனால் அந்த எல்லையில் வேகத்தைக் குறைத்துக் கடக்கிறார்கள். விளையாட்டும் தாமதமுள்ள அமைப்புதான். வியர்வைக் கோடு எழ மூன்று நொடி வரை. அது தணியப் பல நொடி. இதயத் துடிப்பின் இடைவெளி மாறுபாட்டை ஓரளவு நம்பிக்கையோடு கணிக்க அரை நிமிடத்துக்குக் குறையாத பதிவு வேண்டும். இந்தத் தாமதத்தை மறந்து, ஒவ்வோர் அலைக்கும் கடினத்தைத் திருகும் விளையாட்டு தன்னைத்தானே துரத்திக்கொண்டு அலையும்: எளிதாக்கியதால் சலிப்பு, சலிப்பைக் கண்டு கடுமை, கடுமையால் பதற்றம். சிறு ஏற்ற இறக்கங்களைக் கண்டுகொள்ளாத ஓர் இடைவெளியும், ஒருமுறை மாற்றினால் அரை நிமிடம் கைவைக்காத பொறுமையும் நிரலில் வேண்டும். லெஃப்ட் ஃபோர் டெட்டின் 30 நொடி ஓய்வு இந்த விஷயத்தில் பல ஆய்வுக் கட்டுரைகளைவிட விவேகமானது.

இதற்கெல்லாம் பெரிய கணினி தேவையில்லை. ஊனோ பலகையின் சில்லில் உள்ள செயல் நினைவகம் இரண்டே கிலோபைட்டு. தோல் அளவையை நொடிக்கு நான்கு முறை எடுத்தால் போதும் என்பதால் அரை நிமிடப் பதிவு அதற்குள் அடங்கிவிடும். ஈஎஸ்பி32 போன்ற சில்லில் 520 கிலோபைட்டு இருப்பதால் சிறிய நரம்புவலை மாதிரியைக்கூட பலகையிலேயே ஓட்டலாம். மூலப் பதிவு பலகையை விட்டு வெளியேறாமல், ‘தளர்வு’, ‘இறுக்கம்’ என்பதைக் குறிக்கும் ஓர் எண் மட்டும் விளையாட்டுக்குப் போகும்படி அமைப்பது கைக்கு எட்டும் வேலை. உட்பொதி அமைப்பின் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது என்பேன்.

தமிழ்நாட்டில் தகவமைக்கும் விளையாட்டு மனிதருக்கு உருப்படியாகப் பயன்பட்ட இடத்தைக் காட்டச் சொன்னால், நான் காட்டுவது உணர்வாய்வை அல்ல, பக்கவாத மறுவாழ்வை. சென்னை ஐ.ஐ.டி.யும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து உருவாக்கிய ‘ப்ளூட்டோ’ கைப்பயிற்சிக் கருவி 2021இல் ஆய்விதழில் விவரிக்கப்பட்டது. ஒரே மோட்டார், மணிக்கட்டை மடக்க, முன்கையைத் திருப்ப, விரல்களை விரிக்க என்று கைப்பிடியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். நோயாளியின் கை அசைவால் திரையில் விளையாட்டு நடக்கும். தேவைப்பட்டால் மோட்டார் கைகொடுக்கும். இங்கே அளப்பது மூட்டின் கோணத்தை. கோணம் என்பது கோணம்தான். அதற்குப் பின்னால் மறைந்த இன்னொன்றை ஊகிக்க வேண்டியதில்லை. அதனால் கருவி நேர்மையாக வேலை செய்கிறது. இத்தகைய கருவியில் சோர்வையோ சலிப்பையோ குறிக்கும் உடல் அளவை ஒன்றைத் துணையாகச் சேர்ப்பது, நேராகப் ‘பயமறியும் பேய் விளையாட்டு’ செய்வதைவிடப் பொருளுள்ள அடுத்த அடியாக இருக்கும்.

மறுபுறம், தகவமைப்பு யாருக்காக என்ற கேள்வியைத் தள்ளிவைக்க முடியாது. 2017இல் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்து ஆய்வாளர்கள், கடினத்தைத் தானாக மாற்றி ஆடுபவரின் ஈடுபாட்டை 9 விழுக்காடு வரை கூட்டியதாக எழுதினார்கள். அங்கே ஈடுபாடு என்றால் விட்டு விலகாமல் ஆடிக்கொண்டிருப்பது. அதே ஆண்டு ஆக்டிவிஷன் நிறுவனத்துக்குக் கிடைத்த ஒரு காப்புரிமை, ஆட்டக்காரரைப் பொருள் வாங்கத் தூண்டும்படி எதிராளிகளைச் சேர்த்துவைப்பதைப் பற்றியது. வியர்வைக் கோடு இந்தக் கணக்குகளுக்குள் போனால் என்னவாகும் என்று விளக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் 2025 விதிகள் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை தடை போட்டன; அந்த ஆண்டு ஆகஸ்டில் மத்தியச் சட்டம் அவற்றையே முற்றாகத் தடை செய்தது. இரண்டுமே பணத்தைக் கண்காணிக்கின்றன. விளையாட்டு ஆடுபவரின் உடலைப் படிப்பது அவற்றின் கண்ணில் படவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், பணியிடத்திலும் கல்வி நிலையத்திலும் உணர்ச்சி ஊகிக்கும் அமைப்புகளை, மருத்துவம், பாதுகாப்பு ஆகிய காரணங்கள் நீங்கலாக, 2025 பிப்ரவரி முதல் தடுக்கிறது.

நம்மிடம் இருப்பது 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் 9ஆம் பிரிவு, 18 வயது நிரம்பாதவர்களின் நடத்தையைத் தொடர்ந்து கண்காணிப்பதைத் தடுக்கிறது. 17ஆம் பிரிவு ஆய்வுக்கு விலக்கு தருகிறது; ஆனால் அந்தத் தரவைக் கொண்டு குறிப்பிட்ட நபரைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. தகவமைக்கும் விளையாட்டின் வேலையே குறிப்பிட்ட நபருக்காக நொடிதோறும் முடிவெடுப்பதுதான். என் வாசிப்பில், பள்ளிப் பிள்ளைகளை வைத்து இந்த ஆய்வைச் செய்ய நினைக்கும் கல்லூரி அந்த விலக்கை நம்பிக்கொண்டிருக்க முடியாது. பலகையிலேயே அளந்து பலகையிலேயே அழித்துவிடும் வடிவமைப்பு அந்த இடத்தில் சட்டத் தேவையாகவும் ஆகிறது.

இத்தனைக்கும் பிறகு விருத்தாசலத்திலோ அதுபோன்ற ஓர் ஊரிலோ யாராவது இந்த ஆய்வைத் தொடங்கினால், சோதனையை எப்படி அமைப்பது? பதினெட்டு வயது கடந்தவர்கள். ஏசி இல்லாத அறை, வெப்பமும் ஈரப்பதமும் பதிவாக வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஆட்டத்துக்கு முன் அமைதி நிலைப் பதிவு. ஆளை ஒதுக்கிச் சோதிக்கும் கணக்கு. இவை அடிப்படை. இவற்றைவிட முக்கியமான ஒன்றை யார்க் பல்கலைக்கழகத்தின் அலேனா டெனிசோவாவும் பால் கெய்ர்ன்ஸும் 2015இல் காட்டினார்கள். விளையாட்டு உங்களுக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் என்று ஆடுபவர்களிடம் சொல்லி, ஒன்றுமே மாறாத ஆட்டத்தைக் கொடுத்தார்கள். மாறுவதாக நம்பியவர்கள் அதில் கூடுதலாக ஒன்றிப்போனார்கள். மருத்துவச் சோதனையில் வெறும் மாத்திரை செய்யும் அதே வேலை.

விரலில் மின்முனை மாட்டி, சிவப்பு விளக்கு மினுக்கி, ‘இது உங்கள் மனத்தைப் படிக்கும்’ என்று சொன்ன பிறகு யாருக்கும் அந்த நம்பிக்கை வராமல் இருக்காது. ஆகவே மூன்று குழு வேண்டும்: சென்சாருக்கேற்ப மாறும் ஆட்டம், மதிப்பெண்ணுக்கேற்ப மாறும் ஆட்டம், மின்முனை மாட்டியிருந்தும் வேறு யாரோ ஒருவரின் பழைய பதிவுக்கேற்ப மாறும் ஆட்டம். மூன்று குழுவுக்கும் சொல்லும் அறிமுகப் பேச்சு ஒரே வாசகத்தில் இருக்க வேண்டும். எவருக்கு எது போனது என்பது பக்கத்தில் நிற்கும் ஆய்வாளருக்கும் தெரியக் கூடாது. ஆட்டம் முடிந்ததும் மூன்றாம் குழுவினரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். மூன்றாம் குழுவைவிட முதல் குழு தெளிவாக மேலே நிற்காதவரை, அந்தச் சென்சாருக்காக யாரும் பணம் செலவழிக்க வேண்டியதில்லை.